கொண்டைக்குருவிக்கு மாற்றாள்

சுப்பராயலு இன்னும் பல்கூட விளக்கவில்லை. போர்டிகோவில் ஏணியைச் சாய்த்து ஏறி, கொண்டைக்குருவிக் கூட்டை எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தையலு, குஞ்சுங்களக் காணோம்டி."

வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த தையலம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "நல்லா பாருங்க."

"கையகலக் கூட்டுல இன்னாத்த நல்லா பாக்கறது? தொடச்சி வச்ச மாதிரி இருக்குது."

முந்தின நாள் இருவரும் மடுகரையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் ஏம்பலம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நாகராஜனின் பூனைதான் வேலையைக் காட்டியிருக்க வேண்டும் என்று, பூனையை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், சுப்பராயலு தீர்ப்பு எழுதிவிட்டார்.

பூனையைவிடப் பெரிய தலைவலி கேமரா. பிரான்சில் இருக்கும் மருமகன் கலைவேந்தன் போன லீவில் வந்தபோது திருட்டுப் பயத்துக்காக மாட்டியது. அதற்கு நேர் கீழே, ஒயர் கட்டின் மேல் குருவி கூடு கட்டிவிட்டது. மகள் செல்விக்கு ஏழாம் மாதம். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று அங்கே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மட்டுமே தெரியும் அறையில் படுத்தபடி, போனில் ஏம்பலத்துக் குருவியைப் பார்த்துத்தான் அவளுக்குப் பொழுது போனது; தூக்கம் வராத ராத்திரியிலும் அதே வேலைதான். 'அதுங்க நல்லபடியா பறந்துட்டா எனக்கும் நல்லபடியா பொறந்துடும்பா' என்று வேறு சொல்லி வைத்திருந்தாள்.

"புள்ளத்தாச்சி வெறுங்கூட்டப் பாக்கக் கூடாதுங்க. மொதல்ல அந்தக் கேமராவ நிறுத்துங்க" என்றாள் தையலம்மாள்.

சுப்பராயலு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். கிரைண்டரில் பாதி அரைந்த மாவு அப்படியே நின்றது. ஏணியை விட்டு இறங்கி ஓடிய மூச்சு அடங்குவதற்குள் போன் அடித்தது.

"அப்பா, ஒரு சேதி சொல்லலாம்னு..." என்று ஆரம்பித்தாள் செல்வி.

"இங்க கரண்ட்டு இல்ல கண்ணு. படம் வராது. நீ பயப்படாத."

"ஓ, கரண்ட்டு இல்லியா? குஞ்சுங்க எப்பிடிப்பா இருக்குது?"

"அதுங்களுக்கு இன்னா, ரெண்டும் ராசா மாதிரி இருக்குது. இப்பதான் அம்மாக்காரி புழு ஊட்டிட்டுப் போச்சி."

அந்தப் பக்கம் பெரிய இருமலாக வந்தது. அப்புறம் இணைப்பு அறுந்தது. பனிக்காலத்தில் பிள்ளைக்குச் சளி பிடித்துவிட்டது என்று அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது அவருக்கு.

கரண்ட் இல்லை என்று எத்தனை நேரம் சொல்ல முடியும்? பைக்கை எடுத்துக்கொண்டு புரோட்டாக் கடைக்குப் போய்க் காடை முட்டை வாங்கி வந்து, ஏணியேறிக் கூட்டுக்குள் வைத்தார்.

தையலம்மாள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். "குஞ்சு பொரிச்ச கூட்டுல முட்ட இருந்தா அவ இன்னா நெனைப்பா? குஞ்சுங்க திரும்ப உள்ள பூந்துக்கிச்சின்னா?"

சுப்பராயலு யோசித்தார். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. புரோட்டாக் கடை முட்டை, அவித்ததுதான். ஏணி மேலேயே நின்று உரித்துத் தின்றுவிட்டார்.

தின்றதும் மூளை வேலை செய்தது. "தாய்க்குருவி குந்திக்கினு இருந்தா, உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

மருமகன் விட்டுப் போன கறுப்பு சாக்ஸுக்குள் தேங்காய் நாரை அடைத்தார். தலையில் கொண்டைக்கு ஒரு முடிச்சு. வாலடியில் தையலம்மாளின் பழைய சிவப்பு ரவிக்கைத் துண்டு. குருவி உயிரோடிருப்பது தெரியவேண்டுமே என்று கழுத்தில் நூல் கட்டி, இழுத்தால் தலையாட்டும்படி செய்து கூட்டில் உட்கார வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா இழுங்க. சாமியாடற மாதிரி ஆடுது" என்றாள் தையலம்மாள்.

மெதுவாகத்தான் இழுத்தார். சாக்ஸ் குருவி கூட்டை விட்டுக் கிளம்பித் தலைகீழாகத் தொங்கியது. அதைப் பிடிக்கப் பாய்ந்தபோது ஏணி நழுவியது. மழைத்தண்ணீர் பைப்பைக் கட்டிக்கொண்டு சுப்பராயலு தொங்க, அவர் காலைக் கட்டிக்கொண்டு தையலம்மாள் தொங்க, பைப் மளுக்கென்று விட்டுக்கொடுத்தது. இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். கூடு சுப்பராயலுவின் தலையில் வந்து கச்சிதமாகக் கவிழ்ந்தது.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் தலையிலிருந்த கூட்டை எடுத்து மடியில் வைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை தூரத்தில் மகளை விட்டுவிட்டு ஒரு குருவியைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லையே என்றிருந்தது.

"எம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல தையலு?"

தையலம்மாள் அவர் தலையிலிருந்த நாரைப் பொறுக்கினாள்.

மறுபடி போன் அடித்தது. மருமகன் கலைவேந்தன்.

"மாப்ள, உங்ககிட்ட மறைக்க முடியல. குஞ்சுங்க போய்டுச்சி. அந்தப் பூன தின்னுடுச்சி. செல்விகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"பூனையா? ரெண்டும் நேத்து சாயங்காலமே ஜோரா பறந்து போனத நாங்க பாத்தோமே மாமா. கேமரா இன்வர்ட்டர்ல ஓடுது, காலையிலேர்ந்து உங்களப் பாத்து சிரிச்சி சிரிச்சி செல்வி வயித்துல புள்ள ஒதைக்குதாம், அந்த ஏணிய இன்னொருவாட்டி போடச் சொல்றா."