வீடியோ இல்லாத மாலை

அவனியாபுரம் சோணை, அகில இந்தியப் பொதுநலக் கட்சியின் பகுதிச் செயலாளர். தன் பகுதியில் எவர் இறந்தாலும் மாலையும் கையுமாக முதல் ஆளாகப் போய் நிற்பார். இருபது வருடமாக இப்படிக் கேதம் கேட்டே கட்சியை வளர்த்தவருக்கு, இந்த முறை எம்.பி. சீட்டு தனக்குத்தான் என்று ஆசை. நியாயமான ஆசைதான்.

ஆனால் டெல்லித் தலைமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இளைய தலைமுறையின் இதயத்தில் இடம்பெறும் பொருட்டு, வீடியோவில் வராத மக்கள் பணி எதுவும் இனி மக்கள் பணியாகக் கருதப்படமாட்டாது.

அதை நிறைவேற்ற வந்த இளம்பெண் தமிழ்வாணி, மாவட்டச் சமூக ஊடகப் பொறுப்பாளர்.

“நேத்து ஆண்டிச்சாமி கேதத்துக்குப் போனீகளாண்ணே?”

“மாலை போட்டேன் தாயி. அம்புட்டுப் பேரும் பாத்தாக.”

“வீடியோ?”

“எடுக்கல.”

“அப்ப நீங்க போகல.”

சோணைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்வாணியைக் கூட்டிக்கொண்டு புது மாலையோடு ஓடினார். அதற்குள் ஆண்டிச்சாமியை அடக்கம் செய்துவிட்டார்கள். மாலை இருக்கிறது, போன் இருக்கிறது, மாலை போட ஆள் இல்லை. செத்தவர் சாயலிலேயே இருந்த அவர் தம்பி முத்துக்கருப்பன்தான் இரக்கப்பட்டார்.

“படுக்கத்தானண்ணே வேணும்? ராத்திரியெல்லாம் முழிச்சது, எனக்கும் தோதுதான். போடுங்க.”

சோணை மாலை போட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஓர் ஈ வந்து முத்துக்கருப்பன் மூக்கில் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை, நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார்.

வீடியோ நாடெங்கும் பரவியது. படுத்திருந்தவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று தெரிந்ததும் புகழ் இரட்டிப்பானது. ஈக்கும் அசராத தலைவர் என்று இந்தியில்கூட எழுதினார்கள். அழுத சோணையை ஒருவரும் கவனிக்கவில்லை. சீட்டு முத்துக்கருப்பனுக்குப் போனது.

“அவன் ஒரு வார்த்தை பேசலையே தாயி!”

“அதாண்ணே. மாலைய வாங்கிக்கிட்டு அஞ்சு வருசம் வாயத் தொறக்காத ஆளத்தான் டெல்லியில தேடுறாக.”

வயிறெரிந்த சோணை தெருவில் இறங்கி, எதிரே வந்த ஒச்சாயியிடம் நியாயம் கேட்டார். “படுத்துக் கெடந்தவனுக்கா தங்கச்சி ஓட்டுப் போடுவ?”

“போன தடவ ஜெயிச்சவரு எங்க படுத்திருக்காருன்னே தெரியலண்ணே. இவர நெனச்சப்பல்லாம் போன்ல பாக்கலாம்ல?”

“உன் வீட்டுக்காரர் செத்தப்ப நான் வந்து நிக்கல?”

“வந்தீகளா? வீடியோல பாத்த ஞாபகம் இல்லையே.”

சோணைக்கு நெஞ்சு வெந்து உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதார். ஒச்சாயி பதறிப்போய்த் தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்த சோணை, அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி நின்றார்.