எழுதாதீர்கள் என்று எழுதியவர்

தலைமை எழுத்தர் உள்ளே நுழைந்தபோது லிஃப்ட் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

லிஃப்ட் நின்று ஐந்து மாதமாகிறது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தார். ‘மின்தூக்கி தற்காலிகமாக இயங்காது. பொறுத்தருள்க’ என்று அவர் கைப்பட எழுதி ஒட்டிய தாளுக்குக் கீழே, சுவரில் யாரோ கரித்துண்டால் கிறுக்கியிருந்தார்கள்.

‘தற்காலிகம்னா எத்தனை வருசம்யா? நாலு மாடி ஏறி உசுரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடறதுக்குள்ள உசுரு போயிடும்போல’

அது ஓய்வூதிய அலுவலகம். உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் மேசை நான்காவது மாடியில் இருந்தது.

அதிகாரி அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

“லிஃப்ட் கம்பெனிக்கு எழுதினீங்களா இல்லையா?”

“ஏழு கடிதம் போட்டாச்சு மேடம். பதிலே இல்ல.”

“வெள்ளிக்கிழமை டைரக்டர் வர்றார். அதுக்குள்ள அந்தச் சுவர் சுத்தமாகணும். நீங்க ரிட்டயராக இன்னும் ஆறு மாசம்தானே? இந்த வயசுல மாறுதல் வாங்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?”

மாறுதலைவிட அந்தக் கிறுக்கலின் தமிழ்தான் தலைமை எழுத்தரை அதிகம் கலக்கியது. பேச்சுத் தமிழைக் காகிதத்தில் வைப்பது, லுங்கியோடு அலுவலகம் வருவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. இந்தக் கொள்கைக்காகவே, அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் ‘செந்தமிழ்’ என்று பெயர்.

சுவரைத் துடைக்கச் சொன்னார். ‘சுவரில் எழுதாதீர்கள்’ என்று புதுத் தாள் ஒட்டினார். மறுநாள் காலை அதற்கும் பதில் இருந்தது.

‘அப்ப எங்கதான் எழுதறது? மனு குடுத்தா அதுமேல டீ கிளாஸ் வைக்கிறீங்க’

விறுவிறுவென்று தன் மேசைக்குப் போய் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். கீழே ஒரு மனு. நடுவில் வட்டமாகக் கறை.

எழுத இடம்தானே வேண்டும் என்று ஒரு நோட்டை வாங்கி, லிஃப்ட் கதவுக் கைப்பிடியில் நூலால் கட்டினார். அட்டையில், ‘கருத்துகளை நாகரிகமான நடையில் பதிவு செய்க.’

மதியத்துக்குள் நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது.

‘நாகரிகமான நடைக்கு முழங்கால் வேணும் சார், அது ரெண்டாவது மாடியிலயே போச்சு’

‘மூணாவது மாடியில ஒரு சேர் போட்டா கவர்மெண்ட் கவுந்துடுமா?’

ஓய்வூதியத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட நோட்டைப் படிக்க வந்தார்கள். எதிர்க்கடைக்காரர் சத்தமாகப் படித்துக் காட்டினார். அதிகாரி அம்மா மாறுதல் பட்டியலை மேசைமேல் எடுத்து வைத்தார்.

“இவங்க பாஷையிலேயே நல்லதா நாலு வரி எழுதிட்டா வேலை முடிஞ்சுது” என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார் தலைமை எழுத்தர்.

“உங்களுக்கு அது வருமா?” என்றாள் அவள். “நீங்க தூக்கத்துல உளர்றதுகூட கடிதம் மாதிரி இருக்கு.”

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கரித்துண்டை எடுத்தார். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் முதல் முறையாகப் பேச்சுத் தமிழ் எழுதினார்.

‘நம்ம ஆபீசு சூப்பரு மச்சி. வேலையெல்லாம் பட்டாசா முடியுது. படி ஏறுனா உடம்புக்கு நல்லது.’

ஒரு மணி நேரத்தில் அதன் கீழே இன்னொரு கை எழுதியிருந்தது: ‘மச்சின்னு கூப்பிட்டுட்டு முற்றுப்புள்ளி வைக்கிறான் பாரு, ஆபீஸ் ஆளு’

அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சுண்ணாம்பு வாளியோடு வந்து சேர்ந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. நீலச் சட்டை போட்ட மெக்கானிக் ஒருவர் பட்டனை அமுக்க, வண்டி முனகிக்கொண்டே மேலே போய், சொன்ன பேச்சுக் கேட்டுக் கீழே வந்தது.

தலைமை எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

“ஏழாவது கடிதத்துக்காவது அசைஞ்சீங்களே தம்பி. நல்ல தமிழுக்கு என்னைக்கும் மரியாதை உண்டு.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கடிதமெல்லாம் நீங்க எழுதினதுதானா சார்? நான், இங்க பென்ஷன் வாங்குற என் மாமியார் இந்தச் செவுத்த ஃபோட்டோ எடுத்து அனுப்புனதப் பாத்துட்டு வந்தேன். ‘தங்கள் மின்தூக்கி ஐந்து திங்களாக நிலைபெற்று விளங்குகிறது’ன்னு நீங்க எழுதினத எங்க முதலாளி கண்ணாடி போட்டு வரவேற்பறையில மாட்டியிருக்கார். இத்தனை வருசத்துல எங்க லிஃப்ட்ட ஒரு ஆளு பாராட்டுனது அதுதான் முதல் தடவையாம்.”