எந்தக் காதைக் கடித்தாய்?

வீட்டில் எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடும் என் மைத்துனிக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்கா நலமா என்பதை மட்டும் உன் பதில் வந்த பிறகுதான் என்னால் சொல்ல முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "அத்தான், நானும் முகத்தைத் தூக்கிக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அக்காவுக்குத்தான் ஆயிடுச்சே, என்னென்ன தெரிஞ்சுக்கணும்னு சொல்லுங்களேன்" என்றாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அப்போது அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், ஒன்றும் தெரியாது. செருப்புச் சத்தம்கூட இல்லை. அதனால்தான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, பரீட்சைக்கு வந்தவன் மாதிரி அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். அடையாள அட்டை அலுவலகத்தில் மூன்றாம் நம்பர் கவுன்ட்டர். போட்டோவைப் பார், ஆளைப் பார், முத்திரையைக் குத்து. முப்பத்தொரு வருஷம் இதே. முதல் நாளே எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஒன்று சொல்லிக் கொடுத்தார்: "முகத்தைப் பார்க்காதே, அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். காதைப் பார். காது மாறாது." அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை. அலுவலகத்தில் எனக்குப் பேரே 'காது சார்'. அண்ணன் அட்டையை எடுத்துக்கொண்டு வந்த தம்பி, சித்தியின் அட்டையோடு வந்த பெண், எத்தனை பேரைக் காதை வைத்தே பிடித்திருக்கிறேன்! போட்டோவில் இரண்டு காதும் தெரியாவிட்டால் வாங்க மாட்டேன், அமைச்சரே வந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஒரே ஒரு தடவை சட்டத்தை வளைத்தேன். உன் அக்காவுக்காக. "காதுல அந்த வெட்டு தெரியுதுங்க, அசிங்கமா இருக்கு" என்று முடியை இழுத்து மூடிக்கொண்டு போட்டோ எடுத்து வந்தாள். போகட்டும் என்று முத்திரை குத்தினேன். வேலைக்கு நான் செய்த அந்த ஒரே துரோகம் இப்போது வீடு தேடி வந்திருக்கிறது.

எந்த வெட்டு என்று கேட்காதே. உனக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு ரப்பர் பந்துக்காக நீ அவள் காது மடலைக் கடித்து, அது கிழிந்து, ஆறிய பிறகும் அரிசி மணி அளவுக்கு ஒரு பள்ளம் நின்றுபோனதே, அந்த வெட்டுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போன வருஷம் போனை மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு வீடியோவில் பேசினாள் இல்லையா, அன்றைக்குத்தான் திரையின் மூலையில் தன் தாடையைக் கீழேயிருந்து பார்த்தாள். "கழுத்தா இது? தலையணை உறை மாதிரி தொங்குது" என்றாள். அதற்கப்புறம் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. நீயும் போனால் உன்னிடமும் இதையெல்லாம் சொல்வார், கவனமாகக் கேட்டுக்கொள். "முகத்தை மாத்தறது இல்லம்மா இது. நழுவினதைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறோம், அவ்வளவுதான். வெறும் தோலை மட்டும் இழுத்தா முகம் மத்தளம் மாதிரி ஆயிடும். அதனால அடியில இருக்கிற சதையைத் தூக்கிக் கட்டுவோம்" என்றார். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். புகை கூடாது, தையல் ஆறாது. தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம், நரம்பு அடிபட்டால் ஒரு பக்கம் கோணலாம், ரொம்ப அபூர்வம். கன்னம் சில மாதம் மரத்துப்போகும். வயது நின்றுவிடாது, கொஞ்சம் பின்னால் போய் நின்று அங்கேயிருந்து மறுபடி நடக்க ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கடைசியில் பேனாவை எடுத்து எங்கே கீறுவேன் என்று அவள் முகத்திலேயே வரைந்து காட்டினார் பார், என் தலையாட்டல் அதோடு நின்றது. நெற்றிப் பக்கத்து முடியில் ஆரம்பித்து, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி, பின்னால் போய் முடிக்குள் மறைகிறது கோடு. உலகத்தில் மாறாத ஒரே இடம் என்று நான் நம்பிய இடத்தைச் சுற்றியே கத்தி போகப் போகிறது!

அந்த ஆஸ்பத்திரி ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அன்றைக்கு இரண்டே பேருக்குத்தான் ஆபரேஷன். நாலாம் அறையில் உன் அக்கா, ஐந்தாம் அறையில் இன்னொரு அம்மாள். இரண்டு பேருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே தொப்பி. மூக்குக்கண்ணாடி, கம்மல், மோதிரம் எல்லாம் கழற்றி உறையில் போட்டார்கள். வெளியே பெஞ்சில் நானும் ஐந்தாம் அறைக்காரரும். உயரமான மனிதர், பெரிய பிளாஸ்கை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணி நேரத்தில் நாங்கள் பேசியது ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை. "டீ?" என்றார். "வேண்டாம்" என்றேன். மறுநாள் காலையில் சக்கர நாற்காலியில் ஒரு துணிக்கட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரைக்கும் வெள்ளைத் துணி. நடுவில் வீங்கி நீலம் பாரித்த இரண்டு கண்கள், ஒரு மூக்கு, ஒரு வாய். "அடையாளம் கண்டு அழைத்துச் செல்கிறேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள் தலைமை நர்ஸ். "கட்டைக் கொஞ்சம் விலக்குங்கம்மா, காதைப் பார்க்கணும்" என்றேன். "சார், இது ஆபரேஷன் பண்ணின முகம். பிரிச்சுப் பார்த்து வாங்கிட்டுப் போறதுக்குப் பார்சல் இல்ல" என்றாள். காதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

முதல் வாரம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையணையை உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும். கண்ணைச் சுற்றியிருந்த நீலம் நாளுக்கு ஒரு விரல் கீழே இறங்கி, கன்னத்துக்கு வந்து, கழுத்துக்கு வந்து, மஞ்சளாகிக் காணாமல் போனது. நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினாள். முப்பத்து நாலு வருஷத்தில் நான் சொன்னதற்கு அவள் தலையாட்டியதே இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு நாள் எனக்கு ஜாலியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். நல்லாத்தான் இருந்தாள். நீயும் வீடியோவில் பார்த்து, "அய்யோ அக்கா, அப்படியே என்னை மாதிரி ஆயிட்டியே!" என்று கத்தினாய். ஆனால் நான் முகத்தைப் பார்க்கிற ஆள் இல்லையே. முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தேன். இரண்டு மடலும் வழவழவென்று இருந்தன. பள்ளத்தைக் காணோம். டாக்டரைக் கேட்டேன். "மடலைச் சுத்தித் தைக்கும்போது சின்ன வெட்டு ஏதாவது இருந்தா சேர்த்தே சரி பண்ணிடுவோம் சார், நல்லதுதானே?" என்றார். இவளுக்குச் செய்தீர்களா என்றேன். சீட்டைப் புரட்டினார். "எழுதலையே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சுவாக்கில் கேட்டேன்: "சின்னவ கடிச்சது எந்தக் காது?" உடனே வலது காதைத் தொட்டு, "இது" என்றாள். எனக்கு இடது என்று ஞாபகம். ஆனால் சத்தியம் செய்ய முடியவில்லையம்மா. ஆல்பம் முழுக்கத் தேடினேன், எல்லாப் படத்திலும் இரண்டு காதையும் முடியால் மூடியிருக்கிறாள். அட்டையில் நானே முத்திரை குத்திய போட்டோவிலும் அப்படித்தான். ஊரில் உள்ளவர்கள் காதையெல்லாம் முப்பத்தொரு வருஷம் உற்று உற்றுப் பார்த்தவன், கட்டினவள் காதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறம் பார்க்கிறதெல்லாம் சந்தேகமாகவே படுகிறது. ஸ்பூன் எடுக்க வலது பக்க டிராயரைத் திறக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்பூன் இடது பக்கம். நேற்று மத்தியானம் அவள் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. காதோரத்திலிருந்து உதடு வரைக்கும் நிதானமாக நடந்து போனது. அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஈ ஏறி இறங்குவது தெரியாமல், "என்னங்க அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள். மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னதுதான், தெரியும். ஆனாலும் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். சிரிப்பும் அப்படித்தான். கண் முதலில் சிரிக்கிறது, வாய் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து தாடையைத் தடவித் தடவி, "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்கிறாள், புது வீட்டுக்குக் குடி வந்தவள் சுவரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

ஆனால் இன்று காலையில் ஒன்று நடந்தது. குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். பின்னாலிருந்து சத்தம்: "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! மெத்தை நாறிப் போகுது!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. இது அவள்தான்! இந்தக் குரலுக்கு நான் எந்தக் கவுன்ட்டரிலும் முத்திரை குத்துவேன். எந்த வீட்டில் எந்தப் பெண்டாட்டியும் இதைத்தானே சொல்வாள் என்று உள்ளே ஒரு மூலையில் தோன்றியது. அதை அடக்கிவிட்டேன். மனுஷன் ஏதாவது ஒன்றையாவது நம்ப வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. பயப்படாமல் செய்துகொள். நல்ல டாக்டராகப் பார், என்னென்ன ஆகலாம் என்று கூச்சப்படாமல் கேள், மூன்று வாரம் வெளியே எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே. ஆபரேஷனுக்கு முன்னால் உன் வீட்டுக்காரரை ஒரு பத்து நிமிஷம் எதிரே உட்காரவைத்து, இரண்டு காதையும் நன்றாகப் பார்க்கச் சொல். எனக்கு மட்டும் ஒரே ஒரு வரி எழுதிப் போடு: நீ கடித்தது வலதா, இடதா? மனசு நிம்மதியாகிவிட்டது, சும்மா ஃபைலில் வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, பரீட்சையை ஒழுங்காக எழுதச் சொல். உன் முகம் எந்த இடத்துக்கு ஏறினாலும் நீ நீயாகவே இருந்து நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக் கீழே வந்தேன். வாசலில் மணி அடித்தது. திறந்தால் ஐந்தாம் அறைப் பிளாஸ்க்காரர், ஆஸ்பத்திரியில் எங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டு வந்து, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "சார், தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல இருக்கிறவங்க ஸ்பூனை இடது பக்க டிராயர்லயே தேடறாங்க. எங்க வீட்டுல எப்பவும் வலது பக்கம் சார்" என்றார். அவருக்குப் பின்னால் தலையில் துணி சுற்றிய ஒரு பெண். யாரையும் கேட்காமல் எங்களைத் தாண்டி உள்ளே போனாள். சமையலறையில் இடது பக்க டிராயர் திறக்கும் சத்தம். அங்கே ஏற்கெனவே நின்றிருந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "இவங்க உங்க வீட்டம்மாதானா, பார்த்துச் சொல்லுங்க" என்று ஏற்கெனவே நின்றிருந்தவளைக் காட்டிப் பிளாஸ்க்காரரை உலுக்கினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரியாத் தெரியலையே சார்" என்றார். வந்தவள் தலைத் துணியை அவிழ்த்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மூணு வாரம் ஆச்சு. நீங்களாக் கண்டுபிடிச்சு வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்றாள்.

நீ பதில் எழுத வேண்டாம். இடது.