விருந்தாளித் தெரு

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"யாருமில்ல சார்."

"அப்ப நீங்க யாரு?"

"நான் விருந்தாளி. ஊரு கூமாப்பட்டி" என்றபடி வேலுத்தாய் சோறு வடித்தாள். பானையைப் பார்த்தால் பத்துப் பேர் பந்தியில் உட்காரலாம்.

அடுத்த வீட்டில் பால்சாமி எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அவரும் விருந்தாளியாம்.

"விருந்துக்கு வந்தவரு தவிடு கலக்குவாரா?"

"சும்மா இருக்க முடியல சார்."

தெரு முழுக்க இதே கதை. ஒருவர்கூட ஊர்க்காரர் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த தேவநேசன் வாத்தியாருக்குச் சந்தேகம் முற்றியது. கதவுகளில் சுண்ணாம்பால் எழுதியிருந்த எண்கள்கூட அவர் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை. எல்லாம் திட்டமிட்ட சதி. ஈரத்துணியால் அழித்துவிட்டுத் தன் எண்களை எழுதினார். தெருவே அவரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"ஒரு தலை கூடினாலும் குறைஞ்சாலும் டிரான்ஸ்பரை மறந்துரும்" என்று சொல்லியிருந்தார் ராஜபாளையம் தாலுகா அதிகாரி. தேவநேசனின் மனைவியும் கைக்குழந்தையும் தொலைவில், சொந்த ஊரில். அவர் மட்டும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். இந்த 1991 கணக்கு ஒழுங்காக முடிந்தால்தான் மாறுதல்.

"பயப்படாதீய. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வரல" என்று தைரியம் சொன்னார்.

அதுவரை யாருக்கும் அந்த நினைப்பே இல்லை. இப்போது ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அய்யனார் கோவில் மலைப்பக்கம் நடையைக் கட்டினார்கள்.

மறுநாள் விடியற்காலையிலேயே புறப்பட்டார். வழியெல்லாம் மணல். "இதையும் ஒரு ரோடுன்னு வச்சிருக்கான்" என்று திட்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார்.

மணலில் இறங்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த அமிர்தவல்லி, "எங்க தெருவுக்கு எப்ப சார் வருவீய?" என்று கேட்டாள்.

"அது என் எல்லை இல்லம்மா. வேற ஆளு வருவாங்க."

விருந்தாளித் தெருவுக்குப் போனால் வீட்டுக்கு வீடு பூட்டு. பெண்களும் பிள்ளைகளோடு நிஜமாகவே விருந்துக்குப் போய்விட்டார்கள். பால்சாமி மட்டும் எருமையோடு நின்றார்.

"இதுவும் விருந்தாளியோ?"

"இது ஊர்க்காரிதான் சார். எழுதிக்கோங்க."

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். தேவநேசன் பால்சாமியிடம் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். "கணக்குல வராதவியளுக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் கிடையாதாம்!"

மதியத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. வேலுத்தாய்க்குச் சுயம்புலிங்கம் என்று ஒரு புருஷன் முளைத்தார். பின்னாலேயே ஐந்து பிள்ளைகள், ஒரு மாமியார். கூமாப்பட்டியிலிருந்து வந்த உண்மையான விருந்தாளிகளும் வரிசையில் நின்றார்கள். அவர்களை விரட்டுவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. தேவநேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் பிள்ளை முகத்தைத் தினமும் பார்க்கலாம். எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.

"இதுக்கு எதுக்கும்மா இம்புட்டு ஒளிஞ்சீய?"

"டீச்சரம்மாதான் சொன்னாவ சார்" என்றாள் வேலுத்தாய். "ரெண்டு தடவ எண்ணுனா கேஸாயிரும், இன்னொருத்தர் வந்தா ஆளைக் காட்டிராதீயன்னு."

"எந்த டீச்சரம்மா?"

"போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்து எண்ணுனாவளே. கதவுல அவிய எழுதுன நம்பரத்தான நீங்க அழிச்சீய?"

தேவநேசன் சிரித்தார். தெருக்கோடியில் சலசலத்த தண்ணீரைக் காட்டினார். "ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அந்த ஓடைக்கு அங்கிட்டுல்லா? இங்க எதுக்கு அவங்க வாராங்க?"

டீ கொண்டுவந்த அமிர்தவல்லி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அது கண்மாய்க்குப் போற வாய்க்காலு சார். மூணு நாளா நீங்க சைக்கிள் தள்ளிட்டு வாரீயளே அந்த மணலு, அதான் ஓடை. எங்க தெரு சனம் பூரா அதுக்கு அங்கிட்டு கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கு!"