சவ வண்டி ஷெட்டிலிருந்து வரும் கூச்சல்

டகோமா,
அக்டோபர் 1966

மதிப்பிற்குரிய போதகர் ஆர்விட் அண்ணன் அவர்களுக்கு, தம்பி ஹால்வர் வணங்கி எழுதுவது. அண்ணியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்றும், மினசோட்டாவில் இந்த வருடமாவது பனி தாமதித்து விழும் என்றும் நம்புகிறோம். இங்கே என் மனைவி டோரிஸ் நலம். நான் நலமாக இல்லை. தயவுசெய்து உங்கள் வீட்டு மாடி அறையை ஒழித்து வையுங்கள். மகள் ரக்னாவை அங்கே அனுப்பப் போகிறேன்.

காரணத்தை எழுதப் பயமாக இருக்கிறது, எழுதாமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது. அப்பா தொடங்கிய ஈமச்சடங்கு இல்லத்தின் பின்னால் சவ வண்டி நிற்கும் ஷெட் உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது வண்டி வெளியே மழையில் நிற்கிறது. உள்ளே உங்கள் தம்பி மகள், பதினேழு வயதுப் பெண், கிடாரை மாட்டிக்கொண்டு கத்துகிறாள். பாடுகிறாள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இன்னும் மூன்று பெண்கள் உடன் இருக்கிறார்கள். அதில் லூவெல்லா என்பவள் டிரம்மை அடிக்கிற அடியைப் பார்த்தால் அது அவளுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டது போலிருக்கும். குழுவுக்குப் பெயர் ‘புளித்த பால்’. முதலில் தீவிபத்துக்குப் பயந்தேன். அந்த ஷெட்டில்தான் பிணங்கள் கெடாமலிருக்க ஏற்றும் மருந்துப் புட்டிகள் இருந்தன, ஒரு தீப்பொறி போதும், கட்டணம் இல்லாமல் நானே என் குடும்பத்தை அடக்கம் செய்யவேண்டியிருக்கும். புட்டிகளை வீட்டுக்குள் மாற்றினேன். பிறகு அவள் தொண்டை கிழிந்துவிடும் என்று பயந்தேன். பிறகு எங்கள் சபைப் போதகர் கேட்டுவிடுவார் என்று பயந்தேன். கேட்டும்விட்டார், நாய் எதுவும் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்தார்.

போன மாதம் ஒரு நாள், அவர்களுடைய ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்து தொங்குவதைப் பார்த்தேன். பாவம், பிள்ளைகள் கவனிக்கவில்லை போலும் என்று, விபத்தில் இறந்தவர்களின் முகக் காயத்தை மறைக்க நாங்கள் வைத்திருக்கும் மெல்லிய துணியையும் மெழுகையும் கொண்டு தழும்பு தெரியாமல் ஒட்டிவிட்டேன். அன்று மாலை பள்ளி நடன விழாவில் வாசித்துவிட்டு வந்த ரக்னா நேரே சமையலறைக்கு வந்தாள்.

“அப்பா, ஸ்பீக்கர்ல கை வச்சீங்களா?”

நான் பெருமையோடு தலையாட்டினேன்.

“அதைப் பிளேடால கிழிச்சதே நான்தான். அந்தக் கரகரப்புக்காக மூணு நாள் பாடுபட்டேன். இப்ப அது சர்ச் ஆர்கன் மாதிரி பாடுதுப்பா.”

அவள் அழவில்லை. மறுபடி அதைக் கிழிக்க டோரிஸின் பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அழாத பிள்ளையைக் கண்டால் எனக்கு எப்போதும் நடுக்கம்தான்.

இனிமேல் எழுதப் போவதுதான் என்னை உண்மையில் ஆட்டி வைத்திருக்கிறது. டொலெஃப்சன் வீட்டுப் பையன் லைல் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ராணுவத்தில் சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா முன்வரிசையில் கல்லாகச் சமைந்திருந்தார். பையன் வந்த நாளிலிருந்து அழவே இல்லையாம். எங்கள் இல்லத்தில் நடந்த அடக்க ஆராதனையை முன்கூட்டியே தொடங்கியது ரக்னாவுக்குத் தெரியாது. ஜெப நடுவில் ஷெட்டிலிருந்து டிரம் இடித்தது, ஸ்பீக்கர் உறுமியது, அதற்கு மேலே என் மகள் அலறினாள். கூட்டம் முழுவதும் பின்பக்கம் திரும்பியது. நம் தொழில் இன்றோடு போயிற்று என்று நான் கதவுக்குப் பாய்ந்தேன். அந்த அம்மாள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்க ஹால்வர். நானும் கத்தத்தான் பார்க்கிறேன், வரமாட்டேங்குது. அந்தப் பொண்ணாவது கத்தட்டும்.”

அடக்கம் முடிந்த பிறகு அவர் ஷெட்டுக்கே போய், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நான் வண்டியோடு வண்டியாக மழையில் நின்றிருந்தேன். உள்ளே முதலில் ஒரு குரல்தான் கேட்டது. பிறகு இரண்டு கேட்டன.

இதனால் என் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அண்ணா. இதுவரை இது அம்மை மாதிரி வந்து போய்விடும் என்று இருந்தேன். அன்றைக்குத்தான் இது போகாது, இவளிடம் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. இப்போது சியாட்டிலிலிருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் சனிக்கிழமை வருகிறாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் பெண்ணை ஓட்டை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்விடுவார். அதற்குள் அவளைப் பஸ் ஏற்றிவிடுகிறேன். உங்கள் வீட்டு அமைதியில் அவள் குணமாகட்டும்.

அண்ணிக்கு எங்கள் அன்பு. உங்கள் ஜெபத்தில் எங்களையும், முடிந்தால் ஷெட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பணிவுள்ள தம்பி,
ஹால்வர்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. சியாட்டில்காரர் மிகவும் கண்ணியமான மனிதர். நான் இத்தனை நாளாய்ச் சொல்ல நினைத்ததை அவரே சொன்னார்: “எல்லாம் நல்லா இருக்கும்மா. அந்தக் கத்தலை மட்டும் எடுத்துட்டு, கொஞ்சம் சிரிச்ச முகமாப் பாடு. ரெக்கார்டு போட்டுடலாம்.” ரக்னா வாயைத் திறப்பதற்குள் யாரோ “எடுக்க மாட்டா” என்று அலறினார்கள். லூவெல்லாவின் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது. சியாட்டில்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். எல்லோரும் என்னையே பார்த்தபோதுதான் கத்தியது நான் என்று தெரிந்தது. அறையை ஒழிக்க வேண்டாம், அண்ணா. தொண்டை இன்னும் எரிகிறது. ரக்னா வெந்நீரில் தேன் கலந்து கொண்டுவந்தாள். “முதல் தடவை அப்படித்தான்பா இருக்கும்” என்கிறாள்.