கனகசபாபதியார் கிணறு தூர்த்த படலம்

வாழி! உரும்பிராய்ச் செம்மண்ணில் உதித்த சிங்கம், முப்பத்திரண்டு ஆண்டுகள் அலுவலக நாற்காலியில் வீற்றிருந்து குற்றமற்ற விண்ணப்பங்களையும் குற்றங்கண்டு திருப்பியனுப்பிய ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எட்டடி மதிலும் பதினாறடி கேற்றும் சூழ்ந்த பெருவளவின் ஏகாதிபதி, கனகசபாபதியார் வாழி! அன்னாரின் மலக்குழி கார்த்திகை மழையில் இடிந்து வீழ்ந்ததையும் அதன்பின் நிகழ்ந்த மாபெரும் போரையும் மூக்கைப் பொத்திக்கொண்டேனும் உரைக்கத் துணிந்தோம்.

குழி வீழ்ந்தது, கொற்றம் வீழவில்லை. நாயகர் காலைதோறும் பத்திரிகை படிக்கும் பாவனையில் வாசிகசாலைக்கு எழுந்தருளி, அங்குள்ள கழிப்பிடத்தில் தம் மானத்தைக் காத்துக்கொண்டார். அவருடைய தர்மபத்தினி ஞானாம்பிகைக்கோ அந்த வசதி வாய்க்கவில்லை. அவள் பின்மதிலுக்கு அப்பால் வாழும் உதயகலாவின் வீட்டுக்குத்தான் போய்வரவேண்டியிருந்தது.

புதுக்குழிக்கு இடம் குறிக்கச் சுகாதாரப் பரிசோதகர் செந்தூரன், அளவுநாடா என்னும் அரும்படைக்கலம் தாங்கி, மோட்டார்சைக்கிள் மீது ஆரோகணித்து வந்தார். வளவை வலம்வந்து தீர்ப்புரைத்தார்.

“எந்தக் கிணத்திலையிருந்தும் ஐம்பது அடி தள்ளியிருக்கவேணும், ஐயா. உங்கடை வளவிலை அதுக்குத் தோதான இடம் கேற்றடி ஒண்டுதான்.”

கேற்றடியா! கனடாவிலிருந்து வரவிருக்கும் சம்பந்தியார் தம் சப்பாத்துக்காலை முதன்முதல் பதிக்கவிருக்கும் அப்புண்ணிய பூமியிலா! கண்கள் சிவக்க, மீசை துடிக்க, இடுப்புச் சாரம் நெகிழ்ந்ததையும் மறந்து நாயகர் கர்ச்சித்தார்: “என்ரை வாசல்லை கக்கூஸ் கிடங்கோ? நான் உயிரோடை இருக்குமட்டும் நடவாது!”

“இஞ்சருங்கோ,” என்றாள் ஞானாம்பிகை, “ஒன்பது நாளாய் உதயகலா வீட்டை போய்வாறன். அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு. முன்னுக்கே வெட்டுங்கோவன்.” மனைவியர் சொல்லைக் கேட்ட வீரர்களைப் பற்றி எவரும் காவியம் பாடியதில்லை என்பதை நாயகர் நன்கறிவார். ஆகவே கேட்கவில்லை.

அளந்தார். கிணற்றின் உட்கட்டிலிருந்து அளந்தார், வெளிக்கட்டிலிருந்து அளந்தார், நாடாவைத் தளர்த்தியும் இறுக்கியும், மேசன் எமில்ராஜை ஒரு நுனியில் வாழைமரத்தோடு சேர்த்து நசுக்கியும் பதினொரு முறை அளந்தார். குழிக்கென அவர் தேர்ந்த பின்வளவு வாழையடிக்கும் கிணற்றுக்கும் இடையே முப்பத்தோரடிக்கு மேல் ஓரங்குலமும் மசியவில்லை. அப்போதுதான் அந்தப் பேரறிவில் பகைவன் யாரென்பது பளிச்சிட்டது. உவர்நீர் குடிக்கும் ஊர்கள் பொறாமையால் பெருமூச்செறியும் அந்த நன்னீர்க் கிணறேதான் பகைவன்!

“கிணத்தைத் தூருங்கோடா!” என்று முழங்கினார்.

எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். “ஐயா, மதிலுக்கு அங்காலை உதயகலா அக்காவையின்ரை கிணறும் கிடக்கெல்லோ?”

“உவையின்ரை கிணறு உவையின்ரை காணிக்குள்ளை. என்ரை காணிக்குள்ளை நான் செய்யிறதைக் கேக்க உவை ஆர்?”

மதிலுக்கு அப்பால் உலகம் இல்லையென்பது நம் நாயகர் பரம்பரையாகக் கொண்ட பூகோளம். லான்ட்மாஸ்ரர் உழவியந்திரங்கள் பெட்டி நிறைய மண்ணேற்றி யானைப்படையெனப் பிளிறி வந்தன. பதினொரு லோட் கல்லும் மண்ணும் விழ, கிணறு இரண்டு நாள் பொருதியது. மூன்றாம் நாள் சத்தமின்றி மாண்டது. ஞானாம்பிகை குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள். நாயகர் அந்த மேட்டின்மீது ஏறி நின்று இளநீர் அருந்தினார்.

வெற்றியைக் காண வரவழைக்கப்பட்ட செந்தூரன் தூர்ந்த கிணற்றைப் பார்த்தார், நாயகரைப் பார்த்தார், வாழையடியில் நின்று நாடாவை மதிலுக்கு மேலால் எறிந்தார். அப்பாலிருந்து உதயகலா அதைப் பிடித்துத் தன் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

“முப்பத்தெட்டு அடி. இதிலை வெட்டேலாது, ஐயா.”

“இடையிலை மதில் இருக்குத் தம்பி!”

“மதில் மேலைதானே ஐயா இருக்கு. கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. நீங்கள் இஞ்சை விடுறது ரெண்டு கிழமையிலை உவையின்ரை கிணத்திலை நிக்கும். நான் அண்டைக்கே சொன்னனான், கேற்றடிதான்.”

திக்கெட்டும் நடுங்க வாகை சூடிய அம்மாவீரர், தாமே எழுப்பிய மண்மேட்டின் உச்சியில், குடித்து முடித்த இளநீர்க் கோம்பையும் கையுமாக, வடக்கே ஒருமுறையும் தெற்கே ஒருமுறையும் நோக்கியபடி நின்றார்.

மறுநாள் விடிய ஞானாம்பிகை உதயகலா வீட்டுக்குப் போனபோது ஒரு வாளியும் கொண்டு போனாள்.