போயிட்டு வாறன் எண்டால் எப்ப?

பயப்படுவது ஓர் உத்தியோகமாக இருந்திருந்தால் நான் எப்போதோ பென்சன் எடுத்திருப்பேன். பிள்ளை பெற்ற எல்லோருக்கும் பயம் உண்டுதான். ஆனால் அவர்கள் ஒரு காரணம் வரும்வரை காத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. தென்னையைக் கண்டால் தேங்காய் விழும் என்று நினைப்பேன். கோட்டைப் பக்கம் சும்மா மேயும் மானைக் கண்டால் அது முட்ட வருகிறது என்று நினைப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தி வாழ்க்கைப்பட்டது திருகோணமலைக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்!

என் மகள் வதனி மற்றப் பிள்ளைகளைப் போல வளரவில்லை. பதினொரு வயதிலும் பேச்சு ஐந்து வயதுக்குரியதுதான். அயலில் ‘ஏலாத பிள்ளை’ என்பார்கள். பள்ளிக்கூடங்கள் அவளைச் சேர்க்கவில்லை. நானே ஒரு தமிழ் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் அவளைக் கண்ணுக்குள் பொத்தி வைத்திருந்தேன். (பொத்தி வைத்திருந்தேன் என்று நான் சொல்வேன். பூட்டி வைத்திருந்தேன் என்று என் கணவர் சொல்வார்.)

அப்போதுதான் ஹெலன் வந்தாள். இங்கிலாந்துப் பிள்ளை, இருபது இருபத்தொரு வயது இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் படிப்பிக்க என்று கடல் கடந்து வந்தவள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் வகுப்புத் தொடங்கினாள். வதனியோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள். வியாழக்கிழமைகளில் காலை லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூதூருக்குப் போய், அங்கேயும் வீடுகளுக்குள் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பார்த்துவிட்டு, அஞ்சு மணி லோஞ்சில் திரும்பி வருவாள். அவளை வழியனுப்பவும் கூட்டி வரவும் வகுப்பே இறங்குதுறைக்கு நடந்து போகும். நானும் பின்னால் போவேன், யாராவது விழுந்துவிடுவார்கள் என்று.

ஹெலனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கெட்டிக்காரி. ஆனால் ஒருநாள் முகமெல்லாம் வேர்த்து வந்து நின்றாள்.

“டீச்சர், போறன் எண்டு சொன்னால் தேத்தண்ணி தருவினமா?”

விசாரித்தால் விஷயம் இதுதான். ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே தாத்தா ஒருவர் கடும் வருத்தம் வந்து நோயாளியாகப் படுத்திருக்கிறார். வாசலில் நின்று, “சரி, நான் போறன்” என்றிருக்கிறாள். வீட்டுக்காரி பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்து, கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்திருக்கிறா. குடித்து முடித்து மறுபடி, “போறன்.” மறுபடி கதிரை. மூன்றாம் கோப்பையோடு தாத்தாவே எழும்பி உட்கார்ந்து, “அந்தப் பிள்ளையை விடுங்கோடி!” என்று கத்தினாராம்.

நான் டீச்சர் அல்லவா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினேன். “போறன் எண்டால் ஒரேயடியாப் போறது. வருத்தக்காரர் இருக்கிற வீட்டில வாயிலயும் எடுக்கப்படாது. எங்க போனாலும், திரும்பி வந்தாலும் வராட்டிலும், போயிட்டு வாறன் எண்டுதான் சொல்ல வேணும்.”

“வராட்டிலுமா?” என்று கேட்டாள் ஹெலன்.

“ஓம். அதுதான் எங்கட பண்பாடு” என்றேன். (அந்தக் குரலை இன்று நினைத்தாலும் எனக்கே ஒரு அறை கொடுக்கலாம் போல இருக்கிறது.)

வருடம் முடிந்தது. பிரியாவிடை நாள், மத்தியானம். மண்டபத்தைத் தந்த சங்கத்தின் தலைவர் அரை மணித்தியாலம் பேசினார். உழுந்து வடை, கேக், பாட்டு. ஹெலன் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் முழங்காலில் இருந்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே, உச்சரிப்புப் பிசகாமல், “போயிட்டு வாறன்” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு இரவு ரயிலுக்குப் பெட்டி அடுக்க, உப்புவெளியில் அவள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்ச வடையைப் பங்கு பிரித்துவிட்டுத் திரும்பினேன். வதனியின் கதிரை வெறுமையாக இருந்தது.

அடுத்த அரை மணி நேரத்தை நான் ஒழுங்காகச் சொல்ல ஏலாது. மண்டபத்தின் பின்னால் ஓடினேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், அலுமாரியைத் திறந்தேன். (அலுமாரி ஒரு முழ அகலம்.) என் கணவர் துறைமுகத்துக் கந்தோரில் வேலை. சத்தம் கேட்டு வந்தவர், “இஞ்சரும், பதறாதையும். ஹெலனுக்குப் பின்னால போயிருப்பாள், நான் பார்க்கிறன்” என்று சைக்கிளை உப்புவெளிப் பக்கம் விட்டார். நான் கடல் பக்கம் ஓடினேன். என் பயம் எப்போதும் கடல் பக்கம்தான் ஓடும்.

“என்ர பிள்ளை! மஞ்சள் சட்டை! மஞ்சள் சட்டை கண்டனீங்களோ?”

மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு வந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் பையோடு வந்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாத இருபது பேர் அவர்களுக்குப் பின்னால். இந்தப் பட்டாளத்தோடு இறங்குதுறைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தேன்.

மஞ்சளாக ஒன்று மிதந்தது.

குதித்தேன். (‘விழுந்திட்டா’ என்று என் கணவர் சொல்வார். அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை.) எனக்கு நீந்தத் தெரியாது. ஆறு யார்ச் சேலை காலைச் சுற்றியது. உப்புத் தண்ணீரை அண்டா அண்டாவாகக் குடித்துக்கொண்டே கையை எட்டி அந்த மஞ்சளைப் பிடித்தேன்.

அது ஒரு பிளாஸ்டிக் வாளி.

அப்போது தலைக்கு மேலிருந்து, அமைதியான, ஓரளவு வியப்பான குரல் ஒன்று கேட்டது.

“அம்மா குளிக்கிறா.”

லோஞ்ச் கட்டும் கட்டையில் வதனி உட்கார்ந்திருந்தாள். மடியில் கச்சான் கடலை. பக்கத்தில் லோஞ்சில் ரிக்கற் கொடுக்கும் மூதூர்க்காரர் ஹனீபா நானா.

“டீச்சர், கால ஊண்டுங்க! நெஞ்சளவுத் தண்ணிதான்!” என்று கத்தினார் அவர். ஊன்றினேன். நெஞ்சளவு கூட இல்லை, இடுப்பளவு. பட்டாளத்தில் யாரோ சிரித்தார்கள். கொக்கத்தடியை நீட்டி என்னை மேலே இழுத்தார்கள், வாளியோடு. வாளியை நான் விடவில்லை.

“நான் அப்பவே கேட்டேன், ஏன் மகள் தனிய இருக்கிறீங்க எண்டு,” என்றார் நானா. “மிஸ் வருவாவாம், அஞ்சு மணி லோஞ்சில. இண்டைக்கு வியாழன் இல்லை மகள் எண்டன். மிஸ் சொன்னவா எண்டுறா. நான் என்ன செய்ய? கடலை வாங்கிக் குடுத்தேன்.”

வதனியைக் கட்டிப் பிடித்தேன். ஈரம் பட்டதும் தள்ளிவிட்டாள். “வீட்டை வா” என்றேன்.

“ஏலாது. மிஸ் வருவா.”

கெஞ்சினேன். கேக் தருவதாகச் சொன்னேன். கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அஞ்சு மணி லோஞ்ச் வந்து, ஹெலன் அதிலிருந்து இறங்காமல் விட்டால், அடுத்த லோஞ்சுக்கும் இருப்பாள், நாளைக்கும் வந்து இருப்பாள். என் பிள்ளையை எனக்குத் தெரியும். ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

அந்த நேரம் என் கணவரின் சைக்கிள் மணி கேட்டது. கரியரில் ஹெலன். தலைமயிர் பாதி பின்னல், பாதி இல்லை.

“வந்திட்டா,” என்றாள் வதனி என்னிடம், நான்தான் ஏதோ பிழையாகச் சொன்னதுபோல.

ஹெலன் அவள் முன்னால் முழங்காலில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “டீச்சர், இப்ப நான் என்ன சொல்லோணும்?”

என் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் வாளி. படித்த இலக்கணம் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

“போறன் எண்டு சொல்லும்,” என்றேன்.

“ஆனால் நீங்கள்…”

“சொல்லும் பிள்ளை.”

“வதனி,” என்றாள் ஹெலன். “நான் போறன். லண்டனுக்குப் போறன். லோஞ்சில வரமாட்டன்.”

“சீ, சீ, நல்ல நாளும் அதுவுமா!” என்றாள் மீன் வாங்க வந்த ஒரு பெண். வதனி மிச்சக் கடலையை ஹெலனின் கையில் கொட்டினாள்.

“சரி. போங்கோ,” என்றாள். கட்டையிலிருந்து இறங்கி என் ஈரக் கையைப் பிடித்து, என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் வீட்டில் இன்றுவரை மஞ்சள் வாளி கிடையாது. நான் கொஞ்சம் பதறினால் போதும், “அம்மா குளிக்கப் போறா” என்று தொடங்கிவிடுவார் கணவர். வீட்டுக்கு வந்து “போயிட்டு வாறன்” என்று எழும்புகிற எவரையும் வதனி வாசலில் மறித்து, “எப்ப?” என்று கேட்பாள். சரியான நேரம் சொல்லாமல் யாரும் படலையைத் தாண்ட ஏலாது. வர விருப்பமில்லாதவர்கள் “போறன்” என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நேரம் தெரியாதவர்களுக்கு என் கணவர் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: “அஞ்சு மணி லோஞ்சில.”

போன வருடம் எனக்கு வயிற்றில் ஒப்பரேசன். தள்ளுவண்டியில் படுத்திருந்தேன். எனக்கு என்ன ஆகும் என்று அல்ல, எனக்குப் பிறகு இவளுக்கு என்ன ஆகும் என்றுதான் என் பயம் முழுவதும். வதனி வண்டியின் கம்பியைப் பிடித்தாள். இப்போது இருபது வயது தாண்டிவிட்டது, பிடியும் பலம்.

“போயிட்டு வாறன் அம்மா,” என்றேன்.

“எப்ப?”

பக்கத்தில் நின்ற டொக்டர் என்னைப் பார்த்தார். என் கணவர், “அஞ்சு மணி லோஞ்சில எண்டு சொல்லுங்கோ டொக்டர், விடுவாள்” என்றார். அந்த மனுசனும் ஒன்றும் விளங்காமல் அப்படியே சொன்னார். வதனி கம்பியை விட்டாள்.

கண் விழித்தபோது வெளியே இருட்டிவிட்டது. கட்டிலோடு ஒட்டிப் போட்ட கதிரையில் வதனி. மடியில் கச்சான். கோபமாக என்னைப் பார்த்தாள்.

“லோஞ்ச் பிந்திட்டுது,” என்றாள்.